பனிக்காலத்தில் நமது தண்ணிக் குழாய்கள்



தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, அக்கரப்பத்தனை, அம்பேவெல, பட்டிப்பொல பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. விடியற்காலம் எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவினது போல வெள்ளையாக இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பள்ளத்தில் உள்ள தேயிலை நெருப்புப் பட்டது மாதிரிக் கருகிக் கிடக்கும்.

கருகின தேயிலையை எல்லோரும் பார்க்கிறோம். கொழுந்து குறைந்தால் சம்பளம் குறையும் என்பதால் அதைப் பற்றிப் பெரட்டுக்களத்திலும் பேச்சு நடக்கிறது. ஆனால் அதே பனி நம்ம லயத்துத் தண்ணிக் குழாய்க்கு என்ன செய்கிறது என்பதை அநேகம் பேர் கவனிப்பதில்லை. பைப் கழன்று தண்ணி நின்ற பிறகுதான் கூச்சல் போடுகிறோம். அதற்குள் பொம்பிளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்கரைக்கு நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த மாதம் அதைப் பற்றி விளக்கமாகப் பார்ப்போம்.

தண்ணி உறைந்தால் என்ன நடக்கும்?

அநேகமான பொருட்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணியும் 4 பாகை செல்சியஸ் வரைக்கும் அப்படித்தான் சுருங்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி விரியத் தொடங்கும். 0 பாகையில் உறைந்து ஐஸ் ஆகும்போது இன்னும் அதிகமாக விரியும். 100 லீட்டர் தண்ணி உறைந்தால் ஏறக்குறைய 109 லீட்டர் இடம் அதற்கு வேண்டும்.

மூடிக் கிடக்கும் பைப்புக்குள்ளே அந்த மேலதிக இடம் எங்கே இருக்கிறது? பைப்புக்குள் ஒரு இடத்தில் ஐஸ் அடைத்துக்கொள்கிறது. அந்த ஐஸ் வளர வளர, அதற்கும் மூடியிருக்கும் டெப்புக்கும் நடுவே அகப்பட்ட தண்ணி நசுங்குகிறது. தண்ணியை நசுக்கிச் சிறிதாக்க முடியாது. ஆகவே அமுக்கம் ஏறிக்கொண்டே போய், பலவீனமான இடத்தில் பைப் பிளக்கிறது. இதனால்தான் ஐஸ் கட்டின இடத்தில் ஒன்றும் ஆகாமல் வேறொரு இடத்தில் பைப் வெடிப்பதும் உண்டு. பிளந்தது உடனே தெரியாது. ஐஸ் கரைந்து தண்ணி பீச்சி அடிக்கும்போதுதான் தெரியும்.

கனடா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் இது வருசா வருசம் நடக்கிற காரியம். அங்கே குளிர் நாட்கணக்கில் இறங்காமல் நிற்கும். கனடாவில் பல இடங்களில் தண்ணிப் பைப்பை நாலடிக்கும் கீழே புதைக்கிறார்கள். ஏனென்றால் அவ்வளவு ஆழத்துக்கு மண்ணே உறைந்துவிடும்.

நம் மலையில் எப்படி?

நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சனவரி, பெப்ரவரி மாதங்களில் மழை குறைந்து வானம் தெளிவாக இருக்கும். முகில் என்பது பூமிக்குப் போர்த்திய கம்பளி மாதிரி. அது இல்லாத ராத்திரியில் பகலில் பூமி வாங்கின சூடெல்லாம் மேலே போய்விடுகிறது. காற்றும் அடிக்காவிட்டால், குளிர்ந்த காற்று பாரமாகி மெல்ல வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. மேட்டு லயத்தில் பனி இல்லாமல் இருக்க, ஆற்றோரத்து லயத்தில் புல் வெளுத்துப் போவதற்கு இதுதான் காரணம். பெரிய மரத்தின் கீழே பனி பிடிக்காததற்கும் காரணம் இதுவே. மரம் கொஞ்சம் முகில் வேலை செய்கிறது.

ரேடியோவில் “நுவரெலியாவில் 3 பாகை, 4 பாகை” என்று சொல்லும்போது, “அப்படியென்றால் உறையாதே” என்று சிலர் நினைப்பார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பமானி நிலத்திலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அது 4 பாகை காட்டும்போதே நிலத்தோடு ஒட்டிய புல்லில் 0 பாகைக்குக் கீழே போயிருக்கலாம். நம்ம பைப்பும் அந்தப் புல்லோடுதானே கிடக்கிறது!

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்ம பனி விடியப்புறம் சில மணி நேரந்தான். வெயில் வந்ததும் இறங்கிவிடும். ஆகவே பெரிய பைப்பு முழுக்க உறைந்து வெடிக்கும் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. புல்லின் மேலே கிடக்கும் மெல்லிய பைப், வெளியே தனியாக நிற்கும் டெப் கம்பம், ராத்திரி முழுக்க தண்ணி அசையாமல் நிற்கும் கடைசி லயத்துக் கிளைப் பைப் ஆகியவைதான் இதில் மாட்டிக்கொள்ளக் கூடியவை.

நம் பக்கத்தில் பைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் வேறு மூன்று காரணங்கள். இவை பனி பிடிக்காத, உயரம் குறைந்த தோட்டங்களுக்கும் பொருந்தும்.

1. பைப் சுருங்குவது

பனி மாதத்தில் பகலில் நல்ல வெயில், ராத்திரியில் கடுங்குளிர். வெயிலில் கிடக்கும் பைப் பகலில் கை வைக்க முடியாதபடி சுடும். பகலுக்கும் ராத்திரிக்கும் 30 பாகை வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 20 அடி நீளமான பி.வி.சி. பைப் (நம்ம ஆட்கள் எஸ்லோன் பைப் என்பார்கள்) அந்த வித்தியாசத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் சுருங்கும். கறுப்புப் பொலித்தீன் பைப் இதைவிடக் கூடுதலாகச் சுருங்கும். 100 அடிக்கு ஏறக்குறைய அரை அடி குறைந்துவிடும்.

பைப்பைக் கம்பி மாதிரி இழுத்துப் பிடித்துப் போட்டிருந்தால் அந்தச் சுருக்கத்துக்கு அது எங்கே போகும்? ஜொயின்ட்டைப் பிடுங்கிக்கொண்டுதான் வரும். அதே ராத்திரியில் டெப்புகளெல்லாம் மூடியிருப்பதால் பைப்புக்குள் அமுக்கமும் ஆகக் கூடுதலாக இருக்கும். இரண்டும் சேர்ந்து விடியும்போது சொக்கட் கழன்று கிடக்கிறது. “யாரோ பொறாமையில் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்” என்று மேல் லயத்தாரும் கீழ் லயத்தாரும் சண்டை போடுவதை நாம் எத்தனை தோட்டத்தில் பார்த்திருக்கிறோம்! பாதி நேரம் பிடுங்கியது குளிர்தான்.

2. பைப் மொறுமொறுப்பாவது

பி.வி.சி. பைப் குளிரில் விறைத்து மொறுமொறுப்பாகிவிடும். பல வருசம் வெயிலில் காய்ந்த பைப் இன்னும் மோசம். பகலில் ஒரு கல் விழுந்தால் தாங்குகிற பைப், விடியற்காலம் வாளி இடித்தாலே கீறல் விடும். ஆரம்பத்தில் கீறல் மயிர் மாதிரி மெல்லிசாகத்தான் இருக்கும். அமுக்கம் ஏறும்போது பிளக்கும்.

3. தண்ணியே குறைவது

பனி மாதந்தான் நமக்கு வரட்சி மாதமும். ஊத்துத் தண்ணி மெலிந்துபோகும். மழைக்காலத்தில் ஒழுகினால் பரவாயில்லை என்று விட்ட ஓட்டை, இப்போது டேங்கியையே காலி செய்துவிடும். பைப்புக்குள் தண்ணி நிரம்பாமல் ஓடும்போது இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

ஓட்டை வழியாக வெளியே போவது மட்டுமல்ல

பைப்பில் ஓட்டை இருந்தால் தண்ணி வெளியே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஓட்டை வழியாக அழுக்கு உள்ளே வரும் என்பது அநேகம் பேருக்குத் தெரியாது.

மேலே வால்வை மூடினதும் பைப்பில் இருக்கும் தண்ணி கீழே இறங்கும். இறங்கும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகும். ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சுவது மாதிரி அது ஓட்டை உள்ள இடத்திலிருந்து எதையாவது உறிஞ்சி எடுக்கும். அந்த ஓட்டை காற்றில் இருந்தால் காற்று போகும். கானுக்குள் கிடந்தால் கான் தண்ணி போகும். கக்கூஸ் குழிக்குப் பக்கத்தில் என்றால் சொல்லவே வேண்டாம். மறுபடி வால்வைத் திறந்ததும் அதெல்லாம் சேர்ந்து நம்ம வீட்டுக் குடத்துக்கு வருகிறது.

நாம் வேலை செய்த ஒரு டிவிஷனில் தை மாதம் கீழ் லயத்துப் பைப்பில் சொக்கட் கழன்றது. கானுக்குள்ளால் போன பைப். பாஸ் வருவதற்கு நாளாகும் என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். தண்ணி வந்தது. எல்லோருக்கும் சந்தோசம். வரட்சி என்பதால் காலையில் ஒரு மணி நேரமும் பின்னேரம் ஒரு மணி நேரமும் மட்டும் தண்ணி விட்டார்கள். இரண்டு கிழமைக்குள் பிள்ளை மடுவத்தில் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஒரு கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தார்கள். சாப்பாடு, பால்மா, பல்லி விழுந்தது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். கடைசியில் பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து பைப் போகும் வழியெல்லாம் நடந்து பார்த்தபோதுதான் கானுக்குள் அந்தச் சைக்கிள் டியூப் கட்டு அகப்பட்டது. பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தாய்மார் பேர் இழந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது?

வயிற்றோட்டம் மட்டுமல்ல, நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் இந்த வழியாக வரலாம். ஆகவே குழாயைப் பாதுகாப்பது என்பது இரும்பையும் பிளாஸ்டிக்கையும் பாதுகாப்பது மட்டுமல்ல.

மார்கழி மாதமே செய்ய வேண்டியவை

பனி இறங்கிய பிறகு ஓடித் திரிவதைவிட, மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் சேர்ந்து சிரமதானமாக இவற்றைச் செய்துவிடலாம்.

அ) ஊத்திலிருந்து டெப் வரைக்கும் பைப் வழியே ஒரு தரம் நடந்து பாருங்கள். எங்கே புல் மட்டும் பச்சையாக இருக்கிறது, எங்கே மண் ஈரமாக இருக்கிறது என்று கவனியுங்கள். அங்கேதான் ஒழுக்கு. பைப் கானைக் கடக்கும் இடங்களைக் கட்டாயம் பாருங்கள். அங்கே ஜொயின்ட் இருக்கவே கூடாது. முழுப் பைப்பாகக் கானுக்கு மேலே உயர்த்திக் கொண்டுபோக வேண்டும்.

ஆ) பைப்பை ஒரு அடி ஆழத்திலாவது புதையுங்கள். நம்ம பனி நிலத்தின் மேலே மட்டுந்தான். ஒரு அடி கீழே மண் எப்போதும் இளஞ்சூடாகவே இருக்கும். வெயிலும் படாது, மாடும் மிதிக்காது. புதைத்த இடத்தில் அங்கங்கே ஒரு கல்லை நட்டு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். இல்லாவிட்டால் கான் வெட்ட வருகிறவர் மண்வெட்டியால் ஒரு போடு போட்டுவிடுவார்.

இ) பொலித்தீன் பைப்பை இழுத்துப் போடாதீர்கள். பாம்பு போவது மாதிரி வளைத்து வளைத்து, கொஞ்சம் தளர்வாக விடுங்கள். சுருங்கினாலும் ஜொயின்ட்டை இழுக்காது. வளைவிலும் ஜொயின்ட்டிலும் பைப் அசையாதபடி இரண்டு பக்கமும் கல் வைத்து அணை கட்டுங்கள்.

ஈ) பாறை உள்ள இடத்தில் புதைக்க முடியாது. அங்கே பைப்பைச் சுற்றிக் காய்ந்த மானாப்புல்லை இரண்டு அங்குலக் கனத்துக்கு வைத்துச் சாக்கால் சுற்றிக் கட்டுங்கள். சாக்கு சூட்டைத் தராது. இருக்கிற சூட்டைச் சீக்கிரம் போகவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்வது புல்லுக்கு நடுவே நிற்கும் காற்று. புல் நனைந்தால் காற்று போய்விடும், பலனும் போய்விடும். நனைந்த சாக்கு சும்மா இருப்பதைவிட மோசம். ஆகவே வெளியே ஒரு பொலித்தீன் உறையைச் சுற்றி, கீழ்ப் பக்கத்தில் தண்ணி வடிய வழி விட்டுக் கட்டுங்கள். பழைய உரப் பை இதற்கு நல்லது. பைப்புக்கு மட்டுந்தான், குடிதண்ணிப் பாத்திரத்துக்கு அல்ல!

உ) வெளியே நிற்கும் டெப் கம்பத்துக்கும் இப்படியே செய்யுங்கள். டெப்பின் கழுத்து வரைக்கும் மூட வேண்டும். வெறும் இரும்புப் பைப்பாக நிற்கும் கம்பந்தான் முதலில் குளிர்வது.

ஊ) டெப் வொஷரை மாற்றுங்கள். சொட்டுச் சொட்டாகத்தானே போகிறது என்று விடாதீர்கள். ஒரு மணி நேரம் போத்தலைப் பிடித்துப் பாருங்கள். ஒரு லீட்டர் நிரம்பினால் ஒரு நாளைக்கு 24 லீட்டர். அது ஒரு மாதத்தில் 720 லீட்டர்.

ஒழுக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

புதைத்த பைப்பில் ஒழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, எல்லா டெப்பும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டேங்கிக்குத் தண்ணி வருகிற வால்வை மூடிவிட்டு, தண்ணி நிற்கும் மட்டத்தில் சுவரில் கரியால் ஒரு கோடு போடுங்கள். காலையில் யாரும் டெப்பைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அது ஒழுக்கு.

உதாரணமாக, 4 அடிக்கு 4 அடி டேங்கியில் 3 அங்குலம் இறங்கியிருந்தால் 4 கன அடி, அதாவது ஏறக்குறைய 113 லீட்டர் போயிருக்கிறது. 10 லீட்டர் வாளியால் பதினொரு வாளி! இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தால் எந்த அலுவலகத்திலும் மறுப்புச் சொல்ல முடியாது.

கடும்பனி ராத்திரியில்

பின்னேரம் வானத்தில் முகில் இல்லை, காற்று இல்லை, சூரியன் இறங்கியதும் உடம்பு நடுங்குகிறது என்றால் அன்று ராத்திரி பனிதான். அன்றைக்குக் குடிக்கச் சமைக்கத் தேவையான தண்ணியைப் பின்னேரமே பிடித்து மூடி வையுங்கள்.

பனி பிடிக்கும் பள்ளத்தில், நிலத்துக்கு மேலே கிடக்கும் கிளைப் பைப்புக்கு ஒரு கேட் வால்வ் இருந்தால், படுக்கப் போகும் முன் அதை மூடி, ஆகக் கீழே உள்ள டெப்பைத் திறந்து தண்ணியை வடிய விடுங்கள். தண்ணி இல்லாத பைப்பில் உறைய ஒன்றுமில்லை. ஆனால் ஜொயின்ட்டெல்லாம் நல்லது என்று பார்த்த பைப்பில் மட்டுமே இதைச் செய்யலாம். ஒழுகும் பைப்பை வடிய விட்டால் முன்னே சொன்ன ஆபத்துத்தான் வரும். காலையில் வால்வைத் திறக்கும்போது மெல்லத் திறந்து, காற்றும் முதல் தண்ணியும் போக விட்டுப் பிறகு பிடியுங்கள். அந்த முதல் தண்ணியைச் செடிக்கு ஊற்றலாம்.

குளிர் நாடுகளில் டெப்பை நூல் மாதிரி ஓடவிட்டுப் படுப்பார்கள். ஓடும் தண்ணி சுலபத்தில் உறையாது, அமுக்கமும் ஏறாது. நமக்கு அது சரிவராது. வரட்சி மாதத்தில் ராத்திரி முழுக்க டெப்பை ஓடவிட்டால் காலையில் டேங்கியில் ஒன்றும் இராது.

காலையில் டெப்பில் தண்ணி வராவிட்டால்

முதலில் டேங்கியைப் பாருங்கள், பிறகு வால்வைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, டெப் கம்பத்தில் பனி படிந்திருந்தால் உள்ளே ஐஸ் அடைத்திருக்கலாம். டெப்பைத் திறந்து வைத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணியில் துணியை நனைத்து, டெப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பைப்பைச் சுற்றிக்கொண்டு போங்கள். கரைந்த தண்ணி வெளியே வர வழி இருக்கட்டும் என்பதற்காகத்தான் டெப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறோம். அவசரமில்லை என்றால் சும்மா விடுங்கள், எட்டு மணி வெயில் அந்த வேலையைச் செய்துவிடும்.

கொதி தண்ணியை ஊற்றாதீர்கள். மிலாறு கொளுத்திப் பைப்புக்குக் கீழே பிடிக்கவே பிடிக்காதீர்கள். பி.வி.சி. இளகிப் போகும், இரும்புப் பைப் ஜொயின்ட்டில் சுற்றிய டேப்பும் எரிந்து போகும்.

ரிப்பேர் செய்யும்போது

பி.வி.சி. பைப்பை நெருப்பில் காட்டி விரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விரித்த இடத்தில் பைப் மெல்லிசாகிவிடும். அடுத்த பனிக்கு அதுதான் முதலில் போகும். ஒரு சொக்கட் வாங்கிப் போடுங்கள். பசை பூசும் முன் இரண்டு பக்கமும் துடைத்துக் காய வையுங்கள். குளிரில் பசை மெதுவாகத்தான் காயும். ஆகவே பகல் வெயிலில் ஒட்டி, மறுநாள் வரை தண்ணி விடாமல் வைத்தால் ஜொயின்ட் நிற்கும்.

பைப் வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் டைப்பைப் பாருங்கள். டைப் 600 என்பது ஏறக்குறைய 200 அடி உயரத்திலிருந்து வரும் தண்ணியின் அமுக்கத்துக்கு, டைப் 1000 என்பது ஏறக்குறைய 330 அடிக்கு. ஒவ்வொரு 33 அடி இறக்கத்துக்கும் பைப்பில் அமுக்கம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கத்தின் அளவு கூடுகிறது. ஊத்து மலை உச்சியில், லயம் அடிவாரத்தில் என்றால் நடுவே ஒரு சிறிய டேங்கி கட்டி அமுக்கத்தை உடைக்க வேண்டும். விலை குறைந்தது என்று மெல்லிய பைப்பைப் போட்டால் வருசா வருசம் ரிப்பேர் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

ரிப்பேர் முடிந்ததும் பைப்பைக் கழுவி விடுங்கள். டேங்கிக்குக் குளோரின் போடும் அளவைத் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ பொது சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டுத்தான் போட வேண்டும். குத்துமதிப்பாகப் போடாதீர்கள். சில நாளைக்குக் குடிதண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். நம்ம உயரத்தில் தண்ணி 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையில். அதனால் பயமில்லை, கிருமி சாகும். குமிழி போட்டுக் கொதித்த பிறகு மூன்று நிமிடம் விட்டு இறக்கினால் போதும்.

கரை மண்ணையும் பாருங்கள்

ஒழுகும் தண்ணி எங்கே போகிறது என்று யோசித்ததுண்டா? லயத்துக்குப் பின்னால் உள்ள மண் கரைக்குள்ளேதான் போகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நம் மக்கள் லயங்களோடு புதைந்ததை நாம் மறக்க முடியாது. அது பெருமழையால் வந்தது. ஆனால் மண்ணுக்குள் தண்ணி ஊறினால் கரை இளகும் என்பது மழைத் தண்ணிக்கும் பைப் தண்ணிக்கும் ஒன்றுதான். பனிக்காலத்தில் ஒழுகி ஊறவிட்ட கரைமேல் பிறகு பெருமழையும் சேர்ந்தால் ஆபத்து. கரையில் வெடிப்பு, சாயும் மரம், புதிதாகக் கலங்கல் ஊத்து ஆகியவற்றைக் கண்டால் வெளியே வந்துவிடுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

*“ஐயா, இதெல்லாம் தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய வேலைதானே? நாங்க ஏன் செய்யணும்?”*

ஊத்து, டேங்கி, பெரிய பைப் லைன் விசயத்தில் நிர்வாகத்திடம் கேளுங்கள். வாயால் சொல்லி விடாமல், திகதி போட்டு எழுதி, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுக்கின் அளவையும் எழுதுங்கள். ஆனால் கடிதத்துக்குப் பதில் வரும் வரைக்கும் கான் தண்ணியைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாதே! சாக்குக் கட்டுவதும், வொஷர் மாற்றுவதும், பைப்பை மண்ணால் மூடுவதும் நம் கையால் ஆகிற காரியம்.

*“கடைசி லயத்துக்குத் தண்ணியே வருதில்லை. மேல் லயத்து அண்ணன்மார் ட்யூப் போட்டு எடுக்கிறாங்க.”*

பெரிய பைப்பில் ஓட்டை போட்டு ட்யூப் மாட்டினால் அந்த ஓட்டை எல்லோருக்கும் ஆபத்து, மாட்டினவர் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். லயத்துக்கு ஒருவராக ஒரு தண்ணிக் கமிட்டி வையுங்கள். தண்ணி விடும் நேரத்தை எழுதிப் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டுங்கள். கமிட்டியில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் தண்ணியின் பாரம் தெரியும்.

*“சைக்கிள் டியூப் கட்டவே கூடாதா தங்கச்சிமார் கஷ்டப்படும்போது?”*

கட்டலாம். ஆனால் ஒரு நாள், இரண்டு நாளைக்குத்தான். கட்டின இடத்தில் ஒரு சிவப்புத் துணியை முடிந்து விடுங்கள், மறந்து போகாது. துணி அவிழும் வரைக்கும் தண்ணியைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

முடிவாக

இந்த வேலைக்குப் பெரிய காசு தேவையில்லை. ஒரு கட்டு மானாப்புல், நாலு பழைய சாக்கு, இரண்டு சொக்கட், ஒரு போத்தல் பசை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் வாலிபத் தம்பிமார் முன்வந்தால் ஒரே நாளில் ஒரு லயம் முடியும். இரும்புப் பைப் திரெட் வெட்டுவது போன்ற வேலைக்கு மட்டும் தெரிந்த பாஸை வைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்யும்போது ஒரு தம்பி பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளட்டும்.

இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வாசிக்கத் தெரியாத தாத்தா பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு இந்த ஞாயிறே ஊத்து வரைக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். கானுக்குள் ஒரு ஜொயின்ட் கிடந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.